தட்டில் செத்த ஒட்டுண்ணி, உடம்பில் பிழைத்த ஒட்டுண்ணி: லெய்ஷ்மேனியா மருந்துத் தேடல் ஓர் அறிமுகம்

லெய்ஷ்மேனியா என்கிற ஒட்டுண்ணியைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. கொதிநீர் கொல்லும். பிளீச்சிங் பவுடர் கரைசல் கொல்லும். சாராயம் கொல்லும். ஆய்வகத்தில் அதை ஒரு தட்டில் வளர்த்து, மேலே ஏதாவது ஓர் இலைச்சாற்றைக் கெட்டியாக ஊற்றினால் அநேகமாக அதுவும் கொன்றுவிடும். "கொடிய ஒட்டுண்ணி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று அடிக்கடி வரும் செய்திகளில் பல இந்தக் கடைசி வகைதான். செய்தி பொய் இல்லை, தட்டில் இருந்தது செத்தது உண்மை. ஆனால் அங்கிருந்து மருந்து வரைக்கும் எவ்வளவு தூரம் என்பதை யாரும் எழுதுவதில்லை. அதனால் வாசிப்பவர்கள் முதலில் "மருந்து வந்துவிட்டது" என்று நம்புகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து, "அதை கம்பெனிகள் அமுக்கிவிட்டன" என்று நம்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

## முதலில் நோய்

லெய்ஷ்மேனியா ஒரே செல்லால் ஆன உயிர். மணல் ஈ என்ற மிகச் சிறிய பூச்சி கடிக்கும்போது உடம்புக்குள் போகிறது. நோய் பல உருவங்களில் வரும். தோலோடு நின்று ஆறாத புண்ணாக இருப்பது ஒரு வகை. உலகம் முழுக்க ஆண்டுக்கு 6 லட்சம் முதல் 10 லட்சம் பேருக்கு இது புதிதாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை வரை போய்விடுவது இன்னொரு வகை. இதைத்தான் காலா அசார் என்கிறோம். வாரக்கணக்கில் காய்ச்சல், இளைப்பு, ரத்தசோகை, வீங்கிய மண்ணீரல். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள்.

இந்தியாவில் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளில் பரவிய நோய் இது. தமிழ்நாட்டில் பலர் பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஒட்டுண்ணியை அடையாளம் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று சென்னை. 1903இல் இங்கிலாந்தில் வில்லியம் லெய்ஷ்மன், வங்காளத்தின் டம்டம்மில் இருந்து திரும்பி இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் பார்த்த நுண்ணுடல்களைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனோவானும் நோயாளிகளின் மண்ணீரலில் அதையே பார்த்தார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லெய்ஷ்மேனியா டோனோவானி என்று பெயரிட்டார்.

இலங்கையிலும் இதே டோனோவானி இனம் இருக்கிறது. அங்கே அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை, மாத்தறை ஆகிய மாவட்டங்களில்தான் அதிகம். ஒரே இனம் ஓரிடத்தில் மண்ணீரலைத் தின்பதும் இன்னோரிடத்தில் தோல் புண்ணோடு நிற்பதும் எதனால் என்பது இன்னும் ஆராயப்படுகிறது. மருந்து தேடுபவர்களுக்கு இது ஒரு முன்னெச்சரிக்கை: பெயர் ஒன்று என்பதற்காக ஊருக்கு ஊர் ஒரே மருந்து வேலை செய்யும் என்று நம்பிவிடக் கூடாது.

## வயலில் எந்தக் களை கஷ்டம்?

நெல் வயலில் களை எடுத்தவர்களுக்குத் தெரியும். அகன்ற இலைக் களைகள் முளைத்தால் பிரச்சினை சின்னது. நெல் புல் வகை, களை வேறு வகை. அகன்ற இலைச் செடிகளை மட்டும் கருக்கும் களைக்கொல்லியைத் தெளித்தால் நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குதிரைவாலிப் புல் முளைத்தால் பாடு. அதுவும் புல், நெல்லும் புல். நாற்றுப் பருவத்தில் பார்த்தால் பிரித்தறியவே பழகிய கண் வேண்டும். அதைக் கருக்கும் மருந்து நெல்லையும் கருக்கிவிடக் கூடும்.

பாக்டீரியா அகன்ற இலைக் களை மாதிரி. அதன் செல்லைச் சுற்றி ஒரு சுவர் உண்டு, நம் செல்லுக்குச் சுவரே கிடையாது. பென்சிலின் அந்தச் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கிறது. நம்மிடம் இல்லாத ஒன்றைக் கெடுப்பதால் நமக்கு ஆபத்து குறைவு. லெய்ஷ்மேனியா குதிரைவாலி மாதிரி. அதன் செல்லுக்குள்ளும் நம்முடையதைப் போலவே உட்கரு இருக்கிறது, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, புரதம் செய்யும் ஏற்பாடும் நம்முடையதை ஒத்தது. மலேரியா கிருமி, ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமி, தென் அமெரிக்காவின் சாகஸ் நோய்க் கிருமி எல்லாமே இந்தப் பக்கம்தான். பாக்டீரியாவுக்கு இத்தனை ஆன்டிபயாடிக் இருக்கும்போது ஒட்டுண்ணிகளுக்கு ஏன் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கே மருந்து என்ற கேள்விக்குப் பாதி பதில் இதில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கலைச்சொல் தேவை: தேர்வுத்திறன். ஒரு பொருள் ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவுக்கும் நம் செல்லைக் கொல்லும் அளவுக்கும் உள்ள இடைவெளிதான் அது. இடைவெளி நூறு மடங்கு இருந்தால் மேலே யோசிக்கலாம். இரண்டு மடங்கு என்றால் அது மருந்து இல்லை, விஷம். சாராயமும் பிளீச்சிங் பவுடரும் தோற்பது இங்கேதான். "கொன்றது" என்று மட்டும் சொல்லி இந்த இடைவெளியைச் சொல்லாத செய்தியில் தகவல் ஏதும் இல்லை.

இந்த இடைவெளி குறுகினால் என்ன ஆகும் என்பதற்குத் தூக்க நோய் சாட்சி. முற்றிய நிலைக்கு மெலார்சோப்ரால் என்ற ஆர்சனிக் மருந்தைப் பல பத்தாண்டுகள் ஊசியாகப் போட்டார்கள். போட்டவர்களில் சுமார் 5 சதவீதம் பேரை மருந்தே கொன்றது. நோய் விட்டுவைக்காது என்பதால் மட்டுமே அதைத் தொடர்ந்தார்கள்.

## ஒளிந்திருக்கும் இடம் இன்னொரு சிக்கல்

மணல் ஈயின் வயிற்றில் லெய்ஷ்மேனியா நீளமாக, வாலோடு நீந்திக்கொண்டிருக்கும். நம் உடம்புக்குள் வந்ததும் விழுங்கு செல் அதைப் பிடித்து விழுங்கும். கிருமிகளை விழுங்கிச் செரித்து அழிப்பதற்கென்றே இருக்கும் நோய் எதிர்ப்பு செல் அது. லெய்ஷ்மேனியா அங்கே சாவதில்லை. அந்தச் செல்லின் அமிலம் நிறைந்த செரிப்பு அறையிலேயே வாலைச் சுருக்கி, உருண்டையாகி, குடித்தனம் நடத்திப் பெருகுகிறது.

ஆக, மருந்து ரத்தத்தில் கலந்தால் மட்டும் போதாது. விழுங்கு செல்லின் சவ்வைத் தாண்ட வேண்டும், செரிப்பு அறையின் சவ்வைத் தாண்ட வேண்டும், அங்கே உள்ள அமிலத்தில் கெடாமல் இருக்க வேண்டும், அப்புறம் ஒட்டுண்ணியின் சவ்வையும் தாண்ட வேண்டும்.

ஆய்வகத்தில் வளர்க்க வசதியானது அந்த நீந்தும் உருவம்தான். சத்துக் கரைசலில் தானாகவே பெருகும். உருண்டை உருவத்தை வளர்க்க விழுங்கு செல்களையும் சேர்த்து வளர்க்க வேண்டும், வேலை அதிகம். அதனால் இலைச்சாறு ஆய்வுகளில் ஏராளமானவை நீந்தும் உருவத்தோடு நின்றுவிடுகின்றன. நோயாளியின் உடம்பில் அந்த உருவமே கிடையாது என்பதை யோசித்துப் பாருங்கள். இது தலைகீழாகவும் நடக்கும். எழுபது எண்பது ஆண்டுகளாக நோயாளிகளைக் காப்பாற்றிய ஆன்டிமனி மருந்து நீந்தும் உருவத்தின் மேல் அவ்வளவாக வேலை செய்வதில்லை. அந்தச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அதைத் தூக்கி எறிந்திருப்போம்.

இதுவரை: ஒட்டுண்ணி நம் செல்லைப் போலவே இருக்கிறது, அதனால் அதை மட்டும் கொல்வது கடினம். அது நம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அதை எட்டுவதும் கடினம்.

## கையில் இருக்கும் மருந்துகள் எங்கிருந்து வந்தன?

லெய்ஷ்மேனியாவை மனதில் வைத்தே தொடங்கிய தேடலில் கிடைத்தது என்று பார்த்தால் ஆன்டிமனி மருந்துதான் முதலில் நிற்கும். உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920இல் கல்கத்தாவின் கேம்பெல் மருத்துவமனையில், தண்ணீர்க் குழாயும் எரிவாயு இணைப்பும் இல்லாத ஒரு சின்ன அறையில், புகைந்த விளக்கு வெளிச்சத்தில் யூரியா ஸ்டிபமைனை உருவாக்கினார். ஆன்டிமனி என்ற உலோகம் சேர்ந்த கூட்டுப்பொருள் அது. காலா அசார் சாவுகளை அது வெகுவாகக் குறைத்தது. பின்னர் வந்த சோடியம் ஸ்டிபோகுளூக்கோனேட் அதே குடும்பம். அது ஒட்டுண்ணிக்குள் ட்ரிப்பனோதயோன் என்ற பாதுகாப்பு வேதிப்பொருளின் சுழற்சியைக் கெடுக்கிறது. நம்மிடம் அந்தப் பொருள் இல்லை, அதற்குப் பதிலாகக் குளூட்டாதயோன் இருக்கிறது. குதிரைவாலிக்கும் நெல்லுக்கும் நடுவே கிடைத்த ஒரு வேறுபாடு.

அதன் காலமும் முடிந்தது. 1990களில் வட பீகாரில், குறிப்பாக முசாஃபர்பூர் பக்கம், ஆன்டிமனி ஊசி போட்ட நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் தீராத நிலை வந்தது. இதுதான் மருந்து எதிர்ப்பு: மருந்துக்குத் தப்பிய ஒட்டுண்ணிகளின் வாரிசுகளே மிஞ்சிப் பரவுவது. கண்ட கண்ட அளவில், பாதியில் நிறுத்தி நிறுத்திப் போட்ட ஊசிகள் அதற்கு வழிவிட்டன.

அப்புறம் வந்த மூன்றும் வேறு வேலைக்காகப் பிறந்தவை. ஆம்போடெரிசின் பி பூஞ்சை மருந்து. வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்று மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் எடுத்தார்கள். பூஞ்சையின் சவ்வில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பை அது பற்றிக்கொண்டு சவ்வில் ஓட்டை போடும். லெய்ஷ்மேனியாவின் சவ்விலும் அதே வகைக் கொழுப்புதான். நம் சவ்வில் இருப்பது கொலஸ்டிரால். வேறுபாடு உண்டு, ஆனால் மெல்லியது. அதனால்தான் சாதாரண ஆம்போடெரிசின் ஏற்றினால் குளிர் நடுக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். ஒருநாள் விட்டு ஒருநாளாகப் பதினைந்து முறை நரம்பில் ஏற்ற வேண்டியிருந்தது, கிட்டத்தட்ட ஒரு மாதம் மருத்துவமனைப் படுக்கை.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இங்கேதான். மருந்தை மாற்றவில்லை, அதைச் சுற்றும் உறையை மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளுக்குள் ஆம்போடெரிசினை அடைத்தார்கள். லிப்போசோம் என்பது அந்த உருண்டைதான். ரத்தத்தில் இப்படி ஒரு வெளிப்பொருள் மிதந்தால் யார் விழுங்குவார்? விழுங்கு செல். ஒட்டுண்ணி எந்தச் செல்லுக்குள் ஒளிந்திருக்கிறதோ அதே செல் மருந்தையும் தானே எடுத்து உள்ளே போட்டுக்கொள்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு குறைகிறது. காலா அசார் ஆய்வாளர் ஷியாம் சுந்தரின் குழு பீகாரில் நடத்தி 2010இல் வெளியிட்ட சோதனையில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று ஒரே ஒரு முறை ஏற்றியதில் ஆறு மாத முடிவில் 95.7 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். ஒரு மாதப் படுக்கை ஒரே நாளாகச் சுருங்கியது. ஆனால் விலை அதிகம், 25 டிகிரிக்கு மேல் சூடு படாமல் வைக்க வேண்டும். 2011க்குப் பிறகு கிலியட் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக இலவசமாகக் கொடுத்ததால்தான் அது கிராமத்து நோயாளிகள் வரை வந்தது.

மில்டிஃபோசின் புற்றுநோய் மருந்தாகப் பிறந்தது. வாயால் விழுங்கும் முதல் காலா அசார் மருந்து, 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. 28 நாள் சாப்பிட வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டு. கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும் அபாயம் இருப்பதால் பெண்கள் சிகிச்சை முடிந்த பிறகும் பல மாதங்கள் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரை வாங்கிப்போன ஒரு கிராமத்துப் பெண்ணிடம் இதை யார் எப்படி உறுதி செய்வது? பத்து ஆண்டுப் பயன்பாட்டில் நோய் திரும்புவதும் கூடியது. பாரோமோமைசின் ஒரு பழைய ஆன்டிபயாடிக். 2006இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. மலிவு, ஆனால் 21 நாள் தினமும் ஊசி.

இப்படிப் பழைய மருந்தை வேறு நோய்க்குத் திருப்புவதற்கு மறுபயன்பாடு என்று பெயர். குறுக்குவழி என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் நம்ப வேண்டாம். மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது ஏற்கெனவே தெரிந்திருப்பதால் பல ஆண்டுகள் மிச்சமாகும்.

## தட்டிலிருந்து நோயாளி வரை

புதிதாகத் தேடுவது எப்படி? இரண்டு வழி. ஒட்டுண்ணிக்கு இன்றியமையாத ஒரு புரதத்தைத் தேர்ந்து, அதில் பொருந்தும் மூலக்கூறைத் தேடுவது ஒன்று. கேட்க அறிவார்ந்ததாக இருக்கும், ஆனால் புரதத்தில் பொருந்தியது ஒட்டுண்ணிக்குள் நுழையவே முடியாமல் போகும். இன்னொன்று, லட்சக்கணக்கான மூலக்கூறுகளை இயந்திரக் கை கொண்டு உயிருள்ள ஒட்டுண்ணி மேல் போட்டுப் பார்த்து, எது கொல்கிறதோ அதை எடுத்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடுவது. முரட்டு வழிதான், இந்த நோய்களில் அதுவே அதிகம் பலன் தந்திருக்கிறது. நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் லெய்ஷ்மேனியா, சாகஸ், தூக்க நோய் மூன்றின் கிருமிகள் மீதும் சுமார் 30 லட்சம் மூலக்கூறுகளைச் சோதித்தார்கள். அந்தத் தேடலில் கிடைத்ததைச் செதுக்கி உருவாக்கிய ஒன்று, எலிகளில் மூன்று நோய்க்கும் வேலை செய்ததாக 2016இல் வெளியிட்டார்கள்.

அது எதைத் தாக்குகிறது என்று பின்னால் தேடியபோது வந்த பதில் புரோட்டியசோம்: செல்லுக்குள் பழுதான புரதங்களை நறுக்கிப் போடும் இயந்திரம். நமக்கும் அது உண்டு. ஆனால் ஒட்டுண்ணியின் இயந்திரத்தில் ஓரிடத்தில் அமைப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் மட்டும் மூலக்கூறு போய் உட்காருகிறது.

விலங்குச் சோதனைக்கு வருவோம். சுண்டெலிகள் பெரும்பாலும் டோனோவானியைத் தாங்களே கட்டுப்படுத்திவிடும். வெள்ளெலி வகையைச் சேர்ந்த ஹாம்ஸ்டருக்குத்தான் மனிதரைப் போல நோய் முற்றும். எந்த விலங்கில் பார்த்தார்கள் என்பதைக் கேட்டாலே ஓர் ஆய்வின் கனம் ஓரளவு தெரிந்துவிடும். அதைத் தாண்டினால் மனிதரில் மூன்று கட்டம்: ஆரோக்கியமானவர்களிடம் பாதுகாப்பு, சில நோயாளிகளிடம் பலன், பல நோயாளிகளிடம் பழைய மருந்தோடு ஒப்பீடு.

கடைசி வரை வந்தும் விழலாம். ஃபெக்சினிடசோல் 1980களில் ஹெக்ஸ்ட் நிறுவனம் கைவிட்ட பொருள். அதைத் தூசு தட்டி எடுத்தது டிஎன்டிஐ, அதாவது புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து தேடவென்று 2003இல் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு. தூக்க நோய்க்கு அது அருமையாக வேலை செய்தது. வெறும் பத்து நாள் மாத்திரை, 2018இல் ஐரோப்பிய மருந்து முகமையின் ஒப்புதல் கிடைத்தது. ஆய்வகத்தில் லெய்ஷ்மேனியாவையும் கொன்றதே என்று சூடானில் காலா அசார் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் தேறினார்கள், மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. சோதனையை நிறுத்திவிட்டார்கள். யாரும் எதையும் மறைக்கவில்லை. மருந்து போதவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை: தட்டு, விழுங்கு செல், விலங்கு, மனிதர் என்று ஒவ்வொரு படியிலும் பெரும்பாலானவை உதிரும். செய்தி பெரும்பாலும் முதல் படியிலேயே எழுதப்படுகிறது.

## பணம்

1975 முதல் 1999 வரை உலகச் சந்தைக்கு 1,393 புதிய மருந்துகள் வந்தன. வெப்பமண்டல நோய்களுக்கானவை அவற்றில் 13. நோயாளிகளிடம் காசு இல்லை, அதனால் கம்பெனிக்கு ஆர்வம் இல்லை. மறைப்பு என்று தேடினால் கிடைக்கும் உண்மை இதுதான்: இருக்கும் மருந்தை யாரும் ஒளிக்கவில்லை, தேடவே இல்லை.

இதைச் சரிசெய்ய அமெரிக்கா 2007இல் ஒரு வழி செய்தது. புறக்கணிக்கப்பட்ட நோய்க்கு மருந்து அனுமதி வாங்கினால், வேறு ஏதாவது ஒரு மருந்தைச் சீக்கிரமாகப் பரிசீலிக்க வைக்கும் ஒரு சீட்டு கிடைக்கும். அதை விற்கவும் செய்யலாம். 2014இல் மில்டிஃபோசினுக்கு அங்கே அனுமதி வாங்கிய நைட் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் தன் சீட்டை கிலியடுக்கு 12.5 கோடி டாலருக்கு விற்றது. மில்டிஃபோசின் அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பே இந்தியாவில் இருந்தது. புது மருந்து எதுவும் பிறக்கவில்லை, சீட்டு மட்டும் பிறந்தது. என் பார்வையில் இது நல்ல நோக்கத்தோடு எழுதிய மோசமான விதி.

## இப்போது எங்கே நிற்கிறது?

இந்தியாவில் 1992இல் 77,000 பேருக்கு மேல் காலா அசார் பதிவானது. இன்று சில நூறு. விரைவுப் பரிசோதனை, ஒரே முறை ஏற்றும் லிப்போசோம் மருந்து, வீடுகளில் பூச்சிக்கொல்லி எல்லாம் சேர்ந்து செய்த வேலை. வங்கதேசம் 2023இல் இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த முதல் நாடு என்று அறிவிக்கப்பட்டது. அப்படியானால் புது மருந்து எதற்கு? குணமானவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துத் தோலில் தேமலும் கட்டிகளும் வரும். அவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது, மருத்துவமனைக்கும் வர மாட்டார்கள். ஆனால் அந்தத் தோலில் ஒட்டுண்ணி இருக்கும். மணல் ஈ அங்கே கடித்தால் மறுபடி பரவும். தேமலுக்காக யாரும் நரம்பில் மருந்து ஏற்றிக்கொள்ள வரப்போவதில்லை. பத்திரமான மாத்திரை ஒன்று இருந்தால் வாங்கிச் சாப்பிடுவார்கள்.

நோயின் சுமை இப்போது கிழக்கு ஆப்பிரிக்காவில்தான் அதிகம். பீகாரில் ஒரே நாளில் முடிந்த லிப்போசோம் சிகிச்சை அங்கே அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. 2010 முதல் அங்கே கொடுத்தது ஆன்டிமனி, பாரோமோமைசின் என்று 17 நாள், தினமும் இரண்டு மருந்தும் ஊசியாக. அப்புறம் எத்தியோப்பியா, கென்யா, சூடான், உகாண்டாவில் நடந்த சோதனையில் மில்டிஃபோசின் மாத்திரையும் பாரோமோமைசின் ஊசியும் சேர்ந்த 14 நாள் சிகிச்சை அதற்கு ஈடாக நின்றது. இதயத்தைப் பாதிக்கக்கூடிய ஆன்டிமனியைக் கைவிட வழி கிடைத்தது. தினமும் ஓர் ஊசி மட்டும் மிச்சம். புரோட்டியசோமைத் தாக்கும் அந்த மூலக்கூறின் வழிவந்த எல்எக்ஸ்இ408 என்ற மாத்திரையை நோவார்ட்டிஸும் டிஎன்டிஐயும் சேர்ந்து இந்தியாவிலும் எத்தியோப்பியாவிலும் நோயாளிகளிடம் சோதிக்க எடுத்திருப்பது அந்த ஓர் ஊசியையும் எடுத்துவிட முடியுமா என்று பார்க்கத்தான்.